ஹெல்மெட் தொங்கிய முழங்கை

எங்கள் கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பவள் குண்டூசி. ஒல்லி என்பதால் நான் வைத்த பெயர். புருஷனின் அடி தாங்காமல் வேறு ஊரிலிருந்து ஓடிவந்தவள். நான் முன்னால் கவுண்டரில் வாயால் பிழைக்கிறேன், அவள் உள்ளே வாயே திறக்காமல் பிழைத்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை, போனில் படம் வரைவது. இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரு நீளமான தெருவை வரைந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம். ஏரியாவைச் சொன்னால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் கட்டங்களை ஒட்டிப் போடுவார்கள். பக்கத்துக் கட்டத்தில் விரலகல ஓரம் மட்டும்தான் தெரியும். அங்கே பாதியில் நிற்பதை நாம் தொடர வேண்டும். எல்லோரும் முடித்த பிறகே முழுப் படம் திறக்கும். பெயரை மறைத்த புத்திசாலி, ஏரியாவை மட்டும் உண்மையாகச் சொல்லித் தொலைத்தாள்.

அவளுக்கு வந்த ஓரத்தில் ஒரு முழங்கை. அதில் ஹெல்மெட் தொங்கியது. வாரில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

"அக்கா, இது அவரு."

"ஊர்ல ஹெல்மெட்டுக்கா பஞ்சம்? போடி."

"அந்த டேப்பைச் சுத்தினதே நான்தான்."

அவள் அந்தக் கைக்கு உடம்பு கொடுக்கவில்லை. மரக்கிளையாக மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனாள்.

நேற்றுக் காலை படம் திறந்தது. பக்கத்துக் கட்டத்தில் எங்கள் தெரு, எதிர் மாடியிலிருந்து பார்த்தபடி. எங்கள் கடைப் பலகைகூட இருந்தது. கீழே வரைந்தவர் எழுதியிருந்தார்: 'காணாமல் போன மனைவியைத் தேடி மத்தியானம் தோறும் வரும் கணவர்.' உருகிப்போய் ஊரே இதயம் போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தெருவில் இறக்கி அனுப்பவும் பயம், கடைக்குப் பின்வாசலும் கிடையாது. கை சும்மா இருந்தால் பயம் கூடுகிறது என்று அவள் மெஷினைப் போட்டாள்.

மத்தியானம் அவன் கடைக்குள்ளேயே வந்தான். ஹெல்மெட்டைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு, போனில் கல்யாணப் போட்டோவைக் காட்டினான். பிறகு அந்தப் படத்தையும் காட்டினான்.

"ஒவ்வொரு கடையா கேட்டுட்டு வர்றேன்க்கா. எனக்காக எத்தனை பேர் வேண்டிக்கிறாங்க பாருங்க."

மரியாதையான பேச்சு.

"இப்படி யாரையும் பார்த்ததில்லையே தம்பி."

"உள்ள யாரு?"

"என் தம்பி. மெஷின் ஓட்டுறான்."

அந்த நேரம் மெஷின் நின்றது. லென்ஸ் முடிந்ததோ, இவன் குரல் எட்டியதோ தெரியாது. நான் எழுந்துபோய் உள்கதவில் சாய்ந்து நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கமும் யாரோ சாய்ந்து நடுங்குவது என் முதுகில் தெரிந்தது.

அவன் சிரித்தான்.

"அவசரம் ஒண்ணுமில்லக்கா. உங்க தம்பி வெளிய வரட்டும், பார்த்துட்டே போறேன்" என்று சொல்லி, கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான்.