கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

போன வாரம் குருவிநத்தத்தில், ஒரு வரப்பின் மேல் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு விவசாயம் பார்க்கிற ஆளுக்கு இது தேவைதான்!

என் கழனி உள்ளே இருக்கிறது. ரோட்டோரக் கழனி மங்களம் அக்காவுடையது. அதைத் தாண்டித்தான் அறுவடை மிஷின் என் நிலத்துக்கு வர முடியும். அதனால் முன்னால் இருப்பவர் போடுகிற பயிரையே பின்னால் இருப்பவரும் போடுவது ஊர் வழக்கம். இரண்டும் ஒன்றாக விளையும், ஒன்றாக அறுக்கலாம். நான்தான் புத்திசாலியாயிற்றே... நெல்லிலேயே சீக்கிரம் விளைகிற ரகமாகப் பார்த்துப் போட்டேன். விளைந்தது - என்னுடையது மட்டும்!

வானம் கறுத்துவிட்டது. மழையில் சாய்ந்தால் நெல் முளைத்துவிடும். மிஷின்காரரோ, "இன்னிக்கு வுட்டா வேற ஊருக்குப் போயிடுவேன் சார்" என்கிறார். அக்காவின் நெல் இன்னும் பச்சை.

"அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க..."

என்ன ஒரு வார்த்தை! பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவதாக வருபவர் சொன்னால், 'தள்ளி உட்கார்'. டெய்லர் சொன்னால், 'ஜாக்கெட் டைட்டாகத்தான் இருக்கும்'. கல்யாண மண்டபத்தில் சொன்னால், 'படுக்கப் பாய் கிடையாது'. மெக்கானிக் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணும்போது மட்டும்தான் நிஜமாகவே ஏதோ சரியாகிறது. மற்ற இடங்களில்? சொல்கிறவர் சொல்வதோடு சரி. பண்ண வேண்டியது எதிரே நிற்பவர்தான்.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "இன்னா தம்பி, பச்சக் கதிரு மேல வண்டிய வுடச் சொல்றியா? களை எடுத்து எடுத்து என் முதுவு போச்சு!"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

அக்கா வானத்தைப் பார்த்தார், என் நெல்லைப் பார்த்தார். அரிவாளோடு தன் கழனியில் இறங்கி, வண்டி அகலத்துக்குக் கதிரை அறுக்க ஆரம்பித்தார். "மாட்டுக்குப் போட்டுக்கறேன். வெளஞ்ச நெல்லு மழையில போறத பாத்துக்கினு நிக்க முடியுமா? நீயும் ஒரு அரிவா எடு!"

எடுத்தேன். கதிரைவிட என் விரல்தான் அதிகம் அறுபட்டது. ஆனால் தூறல் விழுவதற்குள் நெல் வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். "இனிமே நீங்க போடறதுதான்க்கா நானும் போடுவேன். சத்தியம்!" என்றேன்.

"அப்பிடியா? நான் கரும்பு போடலாம்னு இருக்கேன்" என்றார் அக்கா.

கரும்பு நின்றால், ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு என் நிலத்துக்கு மிஷின் வர வழியே கிடையாது. நெல்லைத் தவிர எதையும் நட்டுப் பழகாத நான், இப்போது நடுவதற்குக் கரும்புக் கரணை தேடி பாகூர் பக்கம் அலைந்துகொண்டிருக்கிறேன்!