பத்தரை மணிக் கையெழுத்து

எல்லம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர் எங்கள் ஆபீசில் ஒருவரும் இல்லை. நாற்பத்தாறு வயது. உத்திரமேரூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். எட்டாவது வரைதான் படிப்பு. இப்போது எங்கள் ஆராய்ச்சியில் களப்பணியாளர். நான் மோகன். அதே ஆராய்ச்சியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிறவன். வெயிலில் அலைவது அவர், கூடுதல் சம்பளம் வாங்குவது நான். உலக நியாயம் அப்படி.

ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகி, அதற்காகத் திருடிச் சிறைக்குப் போய், ஜாமீனில் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தினமும் காலையில் நாக்குக்கு அடியில் கரைகிற மருந்து மாத்திரை ஒன்று கொடுத்தால் உடம்பின் தவிப்பு அடங்குகிறதா, மறுபடி உள்ளே போகாமல் இருக்கிறார்களா என்று ஒரு வருஷம் பார்க்கிறோம். மாத்திரையைக் காஞ்சிபுரத்தில் உள்ள மையத்துக்கு வந்து நர்ஸ் கண்ணெதிரே போட வேண்டும். மையம் பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும். நாலு நாள் தொடர்ந்து வராதவரை நான் 'தாமாக விலகியவர்' என்று டிக் அடிக்க வேண்டும். டிக் அடித்துவிட்டால் அப்புறம் அவரை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை.

எல்லம்மாள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய தம்பி பாண்டியன். நாலு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன், ஐந்தாம் நாள் பழைய அளவையே ஊசியில் ஏற்றிக்கொண்டான். உள்ளே இருந்த நாளில் உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தாங்கவில்லை, செத்துப்போனான். கொழுப்பெடுத்துச் செத்தான் என்றது ஊர். வெளியே விடும்போது இப்படி ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்களா, இதற்கு யார் பொறுப்பு என்று எல்லம்மாள் சாவு வீட்டிலேயே எழுந்து நின்று கேட்டாராம்.

கலைச்செல்வன் எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தவன். இருபத்தாறு வயது. கல் கிரஷரில் லோடு ஏற்றி ஏற்றி இடுப்பு போய்விட்டது. இடுப்பு வலிக்கு வாங்கிய மாத்திரை கடைசியில் ஊசியில் கொண்டுபோய் விட்டது. டிராக்டர் பேட்டரி ஒன்றைத் திருடி மாட்டிக்கொண்டான். கண்டிஷன் பெயில் கிடைத்தது. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் ஜாமீன் ரத்து.

கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். ஆனால் அந்த ஸ்டேஷன் வழக்கம் வேறு. நோட்டு ரைட்டரிடம் இருக்கும், ரைட்டர் எங்கேயாவது பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். அவர் வரும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதாத தண்டனை இது. கலைச்செல்வன் கையெழுத்துப் போட்டு பஸ் பிடித்து ஓடி வந்தால் மையம் பூட்டியிருக்கும். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் காலை எல்லம்மாளுக்குப் போன் போட்டான். மூக்கு ஒழுகுகிறது, காலைப் பிய்த்து எடுக்கிறது என்று சொன்னவன், “இன்னிக்குப் பழைய எடத்துக்கே போயிடுவன் போலக் கீதுக்கா,” என்றான்.

ஸ்டேஷனில் அவன் விஷயத்தைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டுக்கொண்டு எல்லம்மாள் அங்கே போனார். ஊசியும் போதை, மாத்திரையும் போதை, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றாராம் ஏட்டு. சர்க்கரைக்குத் தினம் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் உங்கள் வீட்டில் இல்லையா, அதுவும் போதையா என்று எல்லம்மாள் கேட்டிருக்கிறார். கேட்டதற்குப் பலன், அன்றைக்குக் கலைச்செல்வனுக்கு ஒரு மணி வரை பெஞ்ச்.

அவனைக் கையோடு மையத்துக்கு அழைத்துவந்து, பூட்டிய கதவைத் தட்டோ தட்டு என்று தட்டி, மூன்று மணிக்கு மாத்திரை கொடுக்க வைத்தார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் வசந்த்குமார் நல்ல மனிதர், ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டவர். நேரம் தவறிக் கொடுத்தது கணக்கில் வராது, விதிப்படி டிக் அடித்துவிடு என்று என்னிடம் சொன்னார். நானும் கையைக் கொண்டுபோனேன். எல்லம்மாள் மவுசைப் பிடுங்கிவிட்டார்.

“அவன் எங்க விலகினான் தம்பி? மருந்துக்கு வர்றவன வழியில புடிச்சி உக்கார வெச்சிக்கினு கீறாங்க. நீ இங்க குந்திக்கினு விலகிட்டான்னு எழுதுவியா?”

எனக்குக் கோபம் வந்தது. சொல்லப்போனால் அது கோபம் இல்லை, வெட்கம். டாக்டர் லெட்டர் பேடை எடுத்தார். இது சிகிச்சை, நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தற்போதைக்குக் கதவை மூன்று மணிக்கும் ஒருமுறை திறக்கச் சொன்னார்.

அந்தக் கடிதத்தோடு இலவச சட்ட உதவி வக்கீல் கீதா கோர்ட்டில் மனுப் போட்டார். அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. மாஜிஸ்திரேட் எல்லம்மாளை முன்னால் கூப்பிட்டு, இவன் மறுபடி திருடினால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார்.

“திருடினா உள்ள போடுங்க ஐயா, நானே வந்து சாட்சி சொல்றேன். மருந்து இல்லாம செத்தா யாரு பொறுப்பு? எந்தம்பி செத்தப்பவும் இதத்தான் கேட்டேன். அஞ்சு வருசமாச்சி, ஒருத்தரும் பதில் சொல்லல.”

கையெழுத்து இனி மாலை ஐந்து மணிக்கு என்று உத்தரவானது. கலைச்செல்வன் மறுநாள் காலை பத்து மணிக்கே மையத்து வாசலில் நின்றான்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். எல்லம்மாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதுவரை நான் விலகியவர் என்று ஏற்றிய பெயர்களையெல்லாம் கேட்டார். பத்தொன்பது பேர். தாளை மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டு போனவர், பத்து நாள் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்தார். பதினொரு பேர் தினமும் ஏதோ ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் திரும்பச் சிறையில். ஒருவன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான், நிஜமாகவே விலகியவன் அவன் மட்டும்தான். மிச்சம் ஒருவன் புள்ளலூர்க்காரன். பெஞ்சில் நாலு நாள் மாத்திரை தவறி, பழைய ஊசியையே போட்டுச் செத்திருந்தான். நான் டிக் அடித்த தேதியைப் பார்த்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் செத்திருக்கிறான். அந்த இரண்டு நாளில் யாராவது தேடிப் போயிருக்கலாம்.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் எல்லம்மாளுக்கு நேரமில்லை.

“பெங்களூருக்குப் போனவன வுட்டுட்டாலும் பதினேழு பேரு உசுரோட கீறாங்க. பேர மாத்து தம்பி,” என்றார்.

டாக்டரைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயராக டிக்கை எடுத்து, 'தேடிப் போக வேண்டியவர்' என்று மாற்றினேன். பதினேழும் முடியும்வரை அவர் அங்கேயே நின்றார்.