வரிசையில் நின்ற பச்சைக் குடம்

எளிய பொருள்களில் கவிதை இருக்கிறது என்று யாராவது உருகிப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். இருக்கிறது, எனக்கும் தெரியும். ஏழாம் வகுப்பிலேயே அதை எழுதியவள் நான். ஆனால் எழுதிய பிறகு அந்தப் பொருள் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுப் பச்சைக் குடத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் தெருவுக்கு அப்போது தண்ணீர் லாரிதான். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் வரிசையின் கடைசிவரை தண்ணீர் வராது. அதனால் காலையிலேயே தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. ஹாரன் கேட்டதும் ஓடிவந்து அவரவர் குடத்தின் பின்னால் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

எங்கள் பிளாஸ்டிக் குடத்துக்கு இடுப்பில் ஓட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அப்பா, உடைந்த ஆரஞ்சு நிற மக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உருக்கி ஒட்டிவிட்டார். பச்சை உடம்பில் ஆரஞ்சுத் திட்டு. தெருவில் அப்படி இன்னொன்று கிடையாது. புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒருநாள் அதைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டார். வேலை முடிந்து வந்த அம்மா தெருவின் நடுவில் நின்றாள்.

“எங்கொடத்த நவுத்தினது யாரு? கொடம் நின்னா நான் நிக்கிறேன்னு அர்த்தம். இன்னா, என்னையும் தூக்கி அப்பால வெப்பியா நீ?”

அந்த மனிதர் தானே குடத்தைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தார். அதன்பிறகு அந்த ஆரஞ்சுத் திட்டை யாரும் தொட்டதில்லை.

அம்மா வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்தாள். அது நிற்கிற நிலத்தில்தான் சிறுவயதில் அவளும் அப்பாவும் யாருக்கோ நாற்று நட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் மாடி மேடம் பொங்கல் விழாவுக்குக் கவிதைப் போட்டி வைக்கிறார், தலைப்பு ‘எளிமையே அழகு’, வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் எழுதலாம் என்ற சேதியை அம்மாதான் கொண்டுவந்தாள். “நீ எழுதுடி” என்றாள். எழுதினேன்.

எங்கம்மா வேலைக்குப் போனாலும்
வரிசையை விட்டுப் போவதில்லை.
இடுப்பில் ஆரஞ்சுத் தழும்போடு
அங்கேயே நிற்கிறாள்.
நகர்த்திப் பார்.

மேடம் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு கடைசி வரி கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று சொல்லி அதை அடித்தார். அந்த இடத்தில், ‘குடம் நிறையத் தண்ணீர், அவள் கண் நிறையக் கண்ணீர்’ என்று எழுதினார்.

“எங்கம்மா அழ மாட்டாங்க மேடம்” என்றேன்.

“இது கவிதைம்மா” என்று சிரித்தார். மேடையில் வைக்க அந்தக் குடத்தையும் கொண்டுவரச் சொன்னார்.

விழாவில் நான் என் வரியைத்தான் வாசித்தேன். ‘நகர்த்திப் பார்’ என்று முடித்து நிமிர்ந்து நின்றேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. மேடம் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். குழந்தை பதற்றத்தில் கடைசி வரியை மறந்துவிட்டாள் என்று சொல்லி, கண்ணீர் வரியைத் தழுதழுத்த குரலில் வாசித்தார். அப்படி ஒரு கைதட்டல்! முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுததாகச் சொல்லப்பட்ட என் அம்மா பின்னால் பாக்குமட்டைத் தட்டுகளில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டியோடு அவளும் கைதட்டினாள். எனக்கு அங்கேயே எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது.

முதல் பரிசு எனக்குத்தான். புத்தம்புதிய நீலக் குடம். இனி ஒட்டுப்போட்ட குடம் உங்களுக்கு வேண்டாம் என்றார்கள். பழையது அவர்களிடம் ஞாபகமாக இருக்கட்டுமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மேடம் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் எங்கள் பச்சைக் குடம் இருந்தது. வாய்வரை மண், அதில் மணி பிளாண்ட். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் போட்டிருந்தார்கள். அப்பா கை சுட்டுக்கொண்டு அடைத்தது ஓர் ஓட்டை. இவர்கள் அழகுக்காகத் துளைத்தவை வரிசையாக இருந்தன. மேலே கண்ணாடிச் சட்டத்தில் கண்ணீர்க் கவிதை. அடியில் என் பெயர்.

“திருப்பிக் கேளும்மா” என்றேன் படியிறங்கும்போது.

“ஓட்டை போட்ட கொடத்த வாங்கிகினு இன்னா பண்றது? நட.”

அவளுடைய நிதானம் என்னை இன்னும் எரித்தது.

நீலக் குடம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. எங்களுடையதை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முதல் நாளே யாரோ அதைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். எங்கள் முறை வருமுன் லாரி போய்விட்டது. அன்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிச் சோறாக்கினோம். ஆணியைக் காய்ச்சி ஓர் அடையாளம் போட்டுத் தருகிறேன் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. “புதுக் கொடத்துல கை வெக்காத” என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் வேலையிலிருந்து வந்ததும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் தெருமுனைக்குப் போய், குடத்தின் பக்கத்திலேயே வெயிலில் நிற்கத் தொடங்கினாள்.

ஒருநாள் பள்ளிவிட்டு வரும்போது வரிசையில் ஒரே கேலி.

“இன்னாக்கா, கொடம் நின்னா நீ நிக்கிறா மாதிரின்னு சொல்லுவ. இப்போ நீயும் நிக்கிற, கொடமும் நிக்கிது. ரெண்டு ஆள் கணக்கா?” என்றாள் எதிர்வீட்டு அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் குடத்தின் கழுத்தில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தாள்.

“சும்மா வாங்கின கொடம்னு நெனச்சியா? எம்பொண்ணு எழுதி ஜெயிச்சது. எவளாவது இடிச்சி கீறல் வுட்டுட்டா? அதான் நிக்கிறேன். எங்கூட்ல இதுக்கு முன்னாடி யாரு இப்டி ஒண்ணு கொண்டாந்தாங்க, சொல்லு.”

எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. நம் குடத்தைப் பிடுங்கிப் பூந்தொட்டி ஆக்கியவர்கள் தந்ததற்கு இத்தனை பெருமையா, ரோஷம் வேண்டாமா என்று அவளை முறைத்துவிட்டு, பையோடு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். மேடத்தின் மேல் எனக்கிருந்த கோபம் இன்றும் குறையவில்லை, குறையவும் வேண்டாம்.

ஆனால் அன்று அந்த வெயிலில், அம்மா குடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.