ஆவாரம் பட்டையும் எள்ளுருண்டையும்

எனக்கு இருந்த உபத்திரவத்தை நாலு பேர் முன்னால் சொல்ல வாய் கூசும். வயதான பிறகு கூச்சம் குறைந்துவிட்டது. என்னைப் போல் அவதிப்படுகிற யாராவது படித்தால் தெம்பாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அடிக்கடி நீர் பிரிவதுதான் அது. வருஷக்கணக்காக இருந்தது. அரைமணிக்கு ஒரு தரம் எழுந்திருக்க வேண்டும். வந்துவிட்டால் அந்த நிமிஷமே ஓட வேண்டும், தாமதித்தால் வேட்டி நனைந்துவிடும். அதிலும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், அடக்கவே முடியாது.

எனக்கு வேலை ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில். தோல் பதனிடுவதற்கு வருகிற ஆவாரம் பட்டையை நிறுத்து வாங்குவது என் பொறுப்பு. தோல் ஊறுகிற தொட்டிகளுக்கு நாள் முழுவதும் தண்ணீர் இறைத்து ஊற்றுவார்கள். என் கதியை யோசித்துப் பாருங்கள்! தராசைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன்.

"இன்னாய்யா, பட்டைய நிறுக்கிறியா, பந்தயம் ஓடுறியா?" என்பார் மேஸ்திரி. பட்டை கொண்டுவந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன். சாமி கும்பிட முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. விரிஞ்சிபுரம் வழித்துணைநாதரை விட்டால் எங்களுக்கு வேறு கதி கிடையாது. அங்கே அபிஷேகம் ஆரம்பித்துக் குடம் குடமாய்த் தண்ணீர் விழும்போது நான் வெளியே ஓடிக்கொண்டிருப்பேன். பிறகு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஒரே பெண்ணுக்கு வரன் அமைந்தது. ஆறு மாதம் கழித்து, அந்தக் கோயில் மண்டபத்திலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க நான்தானே மணையில் உட்கார வேண்டும்? நடுவில் எழுந்து ஓடினால் அபசகுனம் என்று அவள் வாழ்நாள் முழுதும் பேசுவார்களே. என் தம்பியை உட்கார வைக்கலாமா என்று வீட்டில் மெதுவாகக் கேட்டேன்.

"பெத்தவன் நீ இருக்கச்சே சித்தப்பா எதுக்குப்பா? நீ குடுத்தாதான் நான் போவேன்" என்று மகள் கண்ணைக் கசக்கினாள்.

மறுநாளே வைத்தியத்தில் இறங்கினேன். அதில்தான் தப்புச் செய்தேன். இந்த உபத்திரவத்துக்கு ஆவாரம்பூக் கஷாயம் நல்லது என்று எப்போதோ கேட்டிருந்தேன். பூவுக்கு எங்கே அலைவது, பட்டைதான் கண்ணெதிரே மலை மாதிரி கிடக்கிறதே? சாயபுவிடம் கேட்டு மடி நிறைய வாங்கிவந்து, கறுக்கக் காய்ச்சிப் பத்து நாள் குடித்தேன். நீர் நிற்கவில்லை, மலம் நின்றுவிட்டது. வயிறு கல்லாகி, முன்னைவிட இரண்டு பங்கு ஓடினேன்.

என் மனைவி என்னைக் கடைத்தெரு ஆயுர்வேத வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நாடி பார்த்தார்.

"போன எடத்துல எறும்பு மொய்க்குதா? சக்கர வியாதியான்னு பாக்கணும்."

"மொய்க்கலீங்க. நான் பாத்தேன்" என்றாள் என் மனைவி. அவள் அதைக்கூடப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பட்டைக் கஷாயத்தைப் பற்றிக் கேட்டதும் வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்யா, ஆட்டுத்தோலுக்குப் போடுற சரக்க அதே பதத்துலயா குடிப்ப? குடலப் பதம் பண்ணி மெட்ராசுக்கு அனுப்பப் போறியா?"

முதலில் வயிறு இளக, படுக்கப் போகும்போது கொஞ்சம் கடுக்காய்ப் பொடி கொடுத்தார். அதுவும் எங்கள் ஷாப்பில் தோலுக்குப் போடுகிற சரக்குதான்! பிறகு காலையில் நெருஞ்சில் கஷாயம், தினம் ஒரு எள்ளுருண்டை. காப்பியை அடியோடு விடச் சொன்னார். பயந்துகொண்டு நான் தண்ணீரே குடிக்காமல் இருந்ததும் தப்பாம். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, விளக்கு வைத்த பிறகு குறைக்க வேண்டும். "முக்கியமா, வந்த உடனே ஓடாத. கொஞ்ச நேரம் ஒக்காந்திரு. நாளுக்கு நாள் அந்த நேரத்த நீட்டு" என்றார்.

எதை வைத்து நேரம் பார்ப்பது? எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. "சிவாய நம சொல்லுங்க. இன்னிக்குப் பத்து, நாளைக்கு இருவது" என்றாள் மனைவி. நீரை அடக்கிக்கொண்டு சாமி பேரைச் சொல்வதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

"அவசரத்துல புள்ள அம்மான்னு கத்தாதா? அந்த அம்மா மூஞ்சியச் சுளிப்பாளா?" என்று கேட்டாள்.

வாசனை வந்தால் எனக்கு ஆசை வரும் என்று அவளும் காப்பியை விட்டாள். ஷாப்புக்குப் போகும்போது எள்ளுருண்டையைத் துணியில் முடிந்து கொடுப்பாள். பத்து, முப்பதாகி, நாலு மாதத்தில் நூற்றெட்டைத் தொட்டேன். உபத்திரவம் முழுதும் விடவில்லை. சில நாள் நூற்றெட்டைத் தாண்டியதும் அவசரம் தானே அடங்கிவிடும். ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மட்டும் பழைய குதிரைதான்.

முகூர்த்தத்தன்று மணையில் உட்காரும் வரை ஒன்று எனக்கு உறைக்கவில்லை. தாரை வார்க்கும்போது தண்ணீர் ஊற்றுகிறவள் பெண்ணின் தாய். என் காதருகிலேயே தண்ணீர் விழப்போகிறது! மகளின் கை என் கையில் இருந்தது. நான் அதை இறுக்கிப் பிடித்ததும், பிரிவு தாங்காமல் பிடிக்கிறேன் என்று நினைத்து அவள் அழத் தொடங்கினாள். சிவாய நம, சிவாய நம என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் குளிர்ச்சியாக விரலில் பட்டது. சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். என் மனைவி சொம்பைத் தாழ்த்திப் பிடித்து, எண்ணெய் வார்ப்பதைப் போல, என் மணிக்கட்டோடு ஒட்டி வழிய விட்டுக்கொண்டிருந்தாள். கீழே தாம்பாளத்தில் பச்சரிசியைக் கனமாகப் பரப்பியிருந்தாள். விழுந்த தண்ணீரையெல்லாம் அரிசி வாங்கிக்கொண்டது.

"தாராளமா விடும்மா" என்றார் புரோகிதர்.

"விழுதுங்க சாமி. நீங்க மந்திரத்தச் சொல்லுங்க" என்றாள், சொம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். தாலி ஏறியது. அட்சதை போட்டுவிட்டு எண்ணிக்கை எங்கே நின்றது என்று யோசித்தேன், நினைவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவில் என் மனைவி என் பக்கம் குனிந்து சொன்னாள்:

"இப்ப போய்ட்டு வாங்க. எடத்த நான் பாத்துக்கிறேன்."