பயந்துகொண்டே இறங்கியவர்

சவரி மேஸ்திரி இறந்த செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூத்த மருமகன் அந்தோணி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டீச்சர், மாமா பூட்டாரு. நாளைக்கு எடுக்கறோம். உங்களாண்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வான்னு அத்தை அனுப்பிச்சாங்க" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கல்லறையில் மந்திரித்த சாமியார் வயதில் இளையவர், ஊருக்குப் புதியவர். "சவரிநாதன் எதற்கும் அஞ்சாத விசுவாசி" என்று சொன்னார். கூட்டம் தலையசைத்தது. மேஸ்திரியின் மனைவி ரோசம்மா மட்டும் முக்காட்டை விலக்கி, நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாமியார் மேல் குறையில்லை. ஆனால் மேஸ்திரியைக் கூப்பிட்டு மோட்டார் பார்த்த விவசாயிகளுக்கும், தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் உண்மை தெரியும். நான் அறிந்தவர்களிலேயே மிகவும் பயந்த மனிதர் அவர்.

அறுபதுகளில் பெரியபாளையம் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட் ரிப்பேர் என்றால் அவர்தான். திருவள்ளூர் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். எந்தக் கிணற்றிலும் வந்தவுடன் இறங்கமாட்டார். முதலில், உள்ளே நல்ல காற்று உண்டா என்று அறிய, ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார். அது அணையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே செபமாலையை உருட்டுவார். பிறகு கல்படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்ப்பார். நாங்கள் நெல் பயிரிடுகிற குடும்பம். தண்ணீர் ஒரு நாள் நின்றாலும் என் கணவருக்குத் தூக்கம் வராது. "மேஸ்திரி எறங்கறதுக்குள்ள நாத்து பழுத்துடும்" என்று கேலி செய்வார். மேஸ்திரிக்குக் கோபம் வராது. "பயப்படறவன்தான் நைனா சாயந்தரம் ஊட்டுக்குப் போறான். எனக்கு ஊட்ல நாலு பசங்க கீது" என்பார்.

அந்த நாலு பேரில் கடைசி, மகன். விடுமுறை நாட்களில் அவனையும் கூட்டிவருவார். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் மிதிப்பார். எட்டு வயதுப் பையனை இப்படிக் கட்டிக்கொண்டு வருகிறாரே என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். பையனுக்கு வெட்கம் தாங்காது. அவர் எங்கள் வீட்டு வாசலில் இறங்கி முடிச்சை அவிழ்த்து, பையனின் கை கால்களை ஒருமுறை தடவிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்லுவார்.

இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போயிற்று. மேலே இருந்த ஆயில் எஞ்சினால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்க முடியவில்லை. எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கிவிடலாம் என்று என் கணவர் முடிவு செய்தார். மேஸ்திரி கூடாது என்றார். "புகை மேல வர்றதுக்கு வழி இல்ல நைனா. உள்ளயே தங்கிடும். அந்த விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது." நடவு காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து, கிணற்றின் பாதி ஆழத்தில் மேடை கட்டி எஞ்சினை இறக்கினார். மேஸ்திரி அதன்பிறகும் அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து, "நைனா கீறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

கோடை விடுமுறை அது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க என் கணவர் இறங்கினார். நான் கூழ் எடுத்துக்கொண்டு போனபோது வரப்பில் ஆளைக் காணவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். மேடைமேல் குப்புறக் கிடந்தார். கூப்பிட்டேன். அசையவில்லை.

நான் அலறியது அடுத்த கொல்லையில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்குக் கேட்டது. அவருக்கு முன்னால் என் கொழுந்தன் கோவிந்து ஓடிவந்து படியில் கால் வைத்துவிட்டான். மேஸ்திரி பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, அவன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"உடுய்யா, எங்கண்ணன் உள்ள கெடக்கறாரு" என்று கோவிந்து அவர் கையைக் கடித்தான்.

"நீ எறங்கினா நீயும் பக்கத்துல கெடப்பே. நான் சொல்றதைக் கேளு" என்றார் மேஸ்திரி. கையிலிருந்து ரத்தம் வந்தது. அவர் பிடியை விடவில்லை.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வேப்பங்கிளைகளை வெட்டிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, மேலும் கீழும் இழுக்கச் சொன்னார். காற்று புரளவேண்டும் என்றார். மேடை இல்லாத பக்கமாகப் பெண்களைக் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். விளக்கை இறக்கி ஏற்றிப் பார்த்தார். எனக்கு அதெல்லாம் வெறும் தாமதமாகத்தான் தெரிந்தது. யாரோ, "பயந்தாங்கொள்ளி, வேடிக்கை காட்டறான்" என்று சொன்னார்கள். நான் அவர் காலில் விழுந்தேன். "இறங்குங்க மேஸ்திரி. நீங்க இறங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு பயமா கீது டீச்சரம்மா. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

பிறகு இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டார். அதன் நுனியைக் கோவிந்துவிடமே கொடுத்தார். இன்னொரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சத்தமா செபம் சொல்லிக்கினே போவேன். சத்தம் நின்னா இழு. இழுக்க வேணாம்னு நானே சொன்னாலும் இழு" என்றார்.

பரமண்டல மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். கிணற்றின் சுவரில் பட்டு அந்தக் குரல் மேலே வந்தது. குடம் சுமந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த மந்திரம் எங்கள் யாருக்கும் தெரியாது. எந்த இடத்தில் முடிய வேண்டும், எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தோம். பாதிப் படி போவதற்குள் குரல் குழறிற்று. நின்றது. கோவிந்து இழுத்தான். மேலே வந்து விழுந்து வாந்தி எடுத்தார். முகம் சிவந்திருந்தது. எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம்கூட வரவில்லை. என் கணவர் இன்னும் உள்ளே கிடந்தார்.

மறுபடி கிளைகளை ஆட்டச் சொன்னார், மறுபடி தண்ணீர். மறுபடி விளக்கு இறங்கியது. பிறகு அவரும் இறங்கினார். இந்த முறை குரல் மேடைவரை போயிற்று. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நடுவில் "இழு" என்று ஒரு சொல் வந்தது. இரண்டாவது கயிற்றை ஆட்கள் இழுத்தார்கள். அக்குளில் போட்ட கயிற்று முடிச்சோடு என் கணவர் மேலே வந்தார். அவர் மார்பில் காதை வைத்தேன். கீழே சத்தம் நின்றுபோனது அப்போது எனக்குக் கேட்கவில்லை. கோவிந்துவுக்குக் கேட்டது. தனியாகவே இழுக்க ஆரம்பித்திருந்தான்.

இருவரையும் ஒரே மாட்டுவண்டியில் ரோடுவரை கொண்டுபோய், அங்கிருந்து ஒரு லாரியில் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தோம். என் கணவர் மாலையில் கண் விழித்துவிட்டார். மேஸ்திரி விழிக்கவில்லை.

ரோசம்மா நான்கு பிள்ளைகளோடு வந்தார். அழவில்லை. "அவரு தானா எறங்கினாரா, யாருனா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் சொன்னேன்."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளை மண்டியிடச் சொல்லிச் செபமாலை சொன்னார். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் அவர் கட்டிலைப் பார்ப்பதையும், மூச்சு இருக்கிறதா என்று கவனிப்பதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் உயிர் திரும்பிவிட்டது. அவர் பக்கம் திரும்பவில்லை. இருவரும் விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

காலையில் மேஸ்திரி கண் திறந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னிடம், "கெணத்தாண்ட யாரையாச்சும் காவல் வெச்சீங்களா? எஞ்சினை எடுக்கறேன்னு எவனாவது எறங்கிடப் போறான்" என்றார்.

அதன்பிறகு அவர் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை. பட்டறையை விட்டுவிட்டார். கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வரத் தொடங்கியபோது ஒன்றில் பிட்டராகச் சேர்ந்து, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். தலைவலி அவரை விட்டுப் போகவே இல்லை. மறதியும் வந்தது. மாலைச் செபத்தில் நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார் என்றும், மகள்கள் காத்திராமல் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள் என்றும் ரோசம்மா ஒருமுறை சொன்னார். அந்த மகள்கள் மூவருக்கும் அவரே இருந்து கல்யாணம் செய்துவைத்தார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார். என் கணவர் நன்றி சொல்ல வாயெடுத்தால், "சாப்ட்டீங்களா நைனா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். ரோசம்மா காபி வாங்கிவர வெளியே போனார். நான் கட்டிலருகே குனிந்து, "பயமா இருக்கா மேஸ்திரி?" என்று கேட்டேன். வேறு யாரிடமும் அப்படிக் கேட்டிருக்கமாட்டேன்.

"கீது டீச்சரம்மா" என்றார். "சேசுவாண்டயும் அதான் சொல்லிக்கினு கீறேன். நான் பயந்தவன், நீயே வந்து கையைப் புடிச்சிக்கோன்னு. ரோசுக்கு மட்டும் தெரிய வேணாம்."

ரோசம்மாவுக்கு அது எப்போதும் தெரிந்தே இருந்தது என்று கல்லறையில் அவர் என்னைத் தேடிய பார்வையில்தான் எனக்கு விளங்கிற்று.

என் மகன் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். சில நாள் பஸ் வர நேரமாகிவிடுகிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட நேரங்களில், படித்தவள் இப்படிக் கலங்கலாமா என்று என்னை நானே அதட்டி அடக்கிக்கொள்வேன். இப்போது அடக்குவதில்லை. எழுந்து ரோட்டுக்குப் போய் நிற்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான். "இன்னாம்மா, எதுக்கு இங்க வந்து நிக்கறே?" என்கிறான்.

"பயமா இருந்துச்சுடா. அதான் வந்தேன்" என்று சொல்கிறேன். சவரி மேஸ்திரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.