விசில் வராத குக்கர்

எனக்கு அந்தக் குக்கரைக் கண்டாலே பயம். பினாங்கில் கடை வைத்திருந்த என் கணவரின் அண்ணன், ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அறுபதுகளின் நடுவில் எங்கள் சந்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒரு பாத்திரம் கிடையாது. அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என் கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார். பாதியில் கொட்டாவி வந்தது. மூடி வைத்துவிட்டார். மறுபாதியில் என்ன எழுதியிருந்தது என்று இருவருக்குமே தெரியாது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஏழு மாதப் பெண் குழந்தை. கணவருக்கு அண்ணாமலை நகரில் குமாஸ்தா வேலை. சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரு கூடம், அதை ஒட்டிக் கதவில்லாத அடுப்படி, பின்னால் கிணறு. கூடத்து உத்திரத்தில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தது. தூளியிலிருந்து ஸ்டவ்வுக்கு நாலு எட்டு இருக்கும்.

குக்கரில் சோறும் பருப்பும் மட்டும்தான் வைப்பேன். அதுவும் கணவர் வீட்டில் இருக்கும்போது. வெயிட்டைப் போட்டதும் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். விசில் வந்த பிறகு அவரே ஸ்டவ்வை அணைப்பார். புதுச்சேரியில் ஒரு வீட்டில் மூடி பிய்த்துக்கொண்டு போய் ஓட்டுக்கூரையில் செருகி நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அவள் பார்த்தாளா, கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. நம்பிவிட்டேன்.

குக்கருக்கு அடுத்தபடி நான் பயந்தது என் மாமனாருக்கு. கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் ஒரு மரவாடியில் மேஸ்திரியாக இருந்தவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் படிப்பு, குர்ஆன் ஓதல், தையல் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பெரிய கறி ஆக்கத் தெரியுமா?" மாட்டுக்கறியை எங்களில் அப்படித்தான் சொல்வார்கள். தெரியும் என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை.

அந்த வருஷம் அவருக்குப் பல்லெல்லாம் ஆடிப்போய், ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பல்செட் கட்டினார்கள். செட் சரியாகப் பொருந்தவில்லை. நாலு மாதமாகக் கஞ்சியும் இடியாப்பமும்தான் ஆகாரம். பேத்தியைப் பார்க்க ஒரு புதன்கிழமை வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். என் கணவர் அன்று காலையிலேயே கறிக்கடைக்குப் போய் விலா எலும்பாகப் பார்த்து, விரல் நீளத்துக்கு வெட்டி வாங்கிவந்தார்.

"அத்தாவுக்கு இதுதான் உசுரு. சட்டியில வச்சா மூணு மணி நேரம் ஆனாலும் அவரு வாய்க்கு ஆவாது. குக்கர்ல வச்சிடு" என்றார்.

"நீங்க இருக்கும்போதே வச்சிக்கிறேனே மச்சான்."

"ஆபீசுக்கு நேரமாச்சு. ஒண்ணும் ஆவாது. எட்டு விசில் வரட்டும், அணைச்சிடு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

அவர் சைக்கிளில் போய்விட்டார். நான் கறியைக் கழுவி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், தயிர் போட்டுப் பிசறி வைத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுத் தூங்க வைத்தேன். பிறகு வெங்காயம் வதக்கி, கறியைக் கொட்டி, கொஞ்சம் தேங்காய்த் துருவலும் போட்டு, தண்ணீர் விட்டேன். மாமனாருக்குச் சோற்றில் குழைத்துக்கொள்ள ஆணம் நிறைய வேண்டுமே என்று விளிம்புக்கு ஒரு விரல் குறைவாக நிரப்பினேன். மூடியைப் போட்டு, வெயிட்டை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் துணி அலசினேன். காது மட்டும் உள்ளே இருந்தது.

ஒரு விசில் வந்தது. நீளமாக இல்லாமல், தும்மல் மாதிரி வந்து நின்றுவிட்டது. இரண்டாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பம்ப் ஸ்டவ்வின் இரைச்சல் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. குழந்தையின் சட்டைகளையெல்லாம் அலசிப் பிழிந்து கொடியில் போட்ட பிறகும் விசில் இல்லை.

உள்ளே வந்து பார்த்தேன். ஆவி வரவில்லை. வெயிட் ஆடவில்லை. சுற்றிலும் ஒரு பொட்டு ஈரம்கூடக் கசியவில்லை. மூடிதான் நடுவில் லேசாகப் புடைத்திருப்பது போலத் தெரிந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டிக் காம்பால் வெயிட்டை இரண்டு தட்டுத் தட்டினேன். அவ்வளவுதான். குக்கர் அடித்தொண்டையில் ஒரு மாதிரி முனக ஆரம்பித்தது. கைப்பிடி கடகடவென்று நடுங்கியது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, முக்காடு நழுவியது தெரியாமல் சந்து நடுவில் போய் நின்றேன்.

சந்து முனையில் மாமனார் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் துணிப்பை. என்னைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார்.

"என்னாம்மா? என்னா ஆச்சு?"

"குக்கரு மாமா... வெடிக்கப் போவுது..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"புள்ள எங்க?"

நான் தூளியைத் தாண்டித்தான் ஓடிவந்திருக்கிறேன். என் தோள் அதில் இடித்திருக்கக்கூடும். குழந்தை அதில் இருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இடித்துத்தான் இருக்கிறேன். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நாலு எட்டில் அந்தச் சனியன் முனகுகிறது. அள்ளினேன். அவள் கால் தூளிச் சேலை மடிப்பில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மறுபடி மடிப்பை விலக்கி இழுத்தேன். அவள் வீறிட்டாள். அப்படியே மார்போடு அணைத்து, முதுகை அடுப்படிப் பக்கம் திருப்பிக்கொண்டு வெளியே வந்து மாமனார் கையில் கொடுத்தேன்.

அவர் பேத்தியை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் போய் முதுகு இடித்ததும் நின்றார்.

"மாமா, ஸ்டவ் எரியுது."

"எரியட்டும். நீ போவாத."

"எரிய எரியத்தான மாமா ஜாஸ்தி ஆவும்?"

"கறியும் வேணாம், ஒண்ணும் வேணாம். போவாதம்மா!" அவர் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். அந்தக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அவர் முன்னால் நிற்க முடியவில்லை, அதனால் போனேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், கிணற்றடிச் சாக்கை வாளித் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் போனேன். காற்றுத் திருகைத் திருப்பினேன். விரல் வழுக்கியது. சாக்கு நுனியால் பிடித்துத் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று இறங்கி இரைச்சல் நின்றது. நிமிராமல் பின்பக்கமாகவே நகர்ந்தேன். கூடத்துச் சுவர் கையில் பட்ட நேரத்தில் அது பீறிட்டது.

மூடி பறக்கவில்லை. அதில் ஆவி மிஞ்சினால் திறப்பதற்கென்று இருந்த சிறிய அடைப்பான்தான் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆணம் ஊற்று மாதிரி எழுந்து ஓட்டில் அடித்து, மழையாக இறங்கியது. சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த முழங்கையில் பட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கலிமா சொன்னேன். பாதியில் மறந்து போய், முதலிலிருந்து சொன்னேன்.

எல்லாம் அடங்கி வெளியே வந்தபோது மாமனார் சந்துக் குழாயடித் திட்டில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா, உள்ள."

"இன்னும் வெடிக்குமா?"

"வெடிக்காது மாமா. அணைச்சிட்டேன்."

"இருக்கட்டும். இங்க காத்து நல்லா வருது."

என் கணவர் மத்தியானம் வந்து கூப்பிடும்வரை அவர் அங்கேதான் இருந்தார். கணவர் அடுப்படிக் கூரையைப் பார்த்தார், என் முழங்கையைப் பார்த்தார், குக்கரைத் திறந்தார். வெயிட் உட்காரும் குழாயில் தேங்காய்த் துருவல் அடைத்திருந்தது. புத்தகத்தைத் தேடி எடுத்து மறுபாதியைப் படித்தார். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் குழாயை ஊதிப் பார்க்க வேண்டுமாம்.

ஆணம் முக்கால்வாசி போயிருந்தது. கறி மட்டும் அடியில் அப்படியே இருந்தது. ஓர் எலும்பைப் பிடித்துத் தூக்கினால் சதை தானாகக் கழன்று தட்டில் விழுந்தது. மாமனார் பல்செட்டைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துவிட்டு ஈறாலேயே சாப்பிட்டார். ஐந்து எலும்பு. கடைசி எலும்பை உறிஞ்சிவிட்டு, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

கை கழுவும்போது மகனிடம் சொன்னது எனக்கு அடுப்படியில் கேட்டது. "கெட்டிக்காரப் பொண்ணுடா. சத்தம் வந்தவொடனே புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடியாந்துடிச்சி. நான் பார்த்தேன்."

நான் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திருத்திச் சொல்லவில்லை. மாலையில் அவரை ரயிலேற்ற என் கணவர் கிளம்பினார். மாமனார் வாசலில் நின்று என் முழங்கைக் கொப்புளத்தைப் பார்த்து, "தேங்கா எண்ணெ போடு" என்றார்.

அதன் பிறகு குக்கர் பயம் குறைந்துவிட்டது. வேறொன்று வந்து உட்கார்ந்தது. கிணற்றடியில் நிற்கும்போது திடீரென்று கை காலியாக இருப்பது தெரியும். உள்ளே ஓடிவந்து தூளியைப் பார்ப்பேன். தெருவில் எங்காவது ஒரு பாத்திரம் விழுந்தால்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். இன்னொரு தடவை நேர்ந்தால் மறுபடியும் விட்டுவிட்டுத்தான் ஓடுவேனோ என்கிற எண்ணம் என்னைத் தின்றது. நாலாவது நாள் தாங்காமல் கணவரிடம் சொல்லிவிட்டேன். மாமா சொன்னது நிஜமில்லை, நான் புள்ளைய விட்டுட்டுத்தான் ஓடினேன் என்று.

அவர் அந்தக் குக்கர் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு புரட்டினார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. கடைசியில், "புஸ்தகத்த நான் பாதியில மூடி வச்சிட்டேன்" என்றார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, தூளிக் கயிற்றை அவிழ்த்து, வாசல்கதவை ஒட்டிய உத்திரத்தில் கட்டினார். இறங்கியதும் இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்தார். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி அதில் போட்டார்.