விருத்தாம்பாள் சொன்ன கலங்கல்

குடிகாட்டுக்குத் தெற்கே பனையேரிக் கரையில் இருந்த சாயப்பொடி கம்பெனி 2004-இல் கதவைச் சாத்தியபோது விருத்தாம்பாளுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷம் அங்கே மூட்டை தைத்தவள். வேலை போய்விட்டது. கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடும், உள்ளங்கையில் ஏறிய மஞ்சள் சாயமும் மட்டும் மிஞ்சின. சோற்றைப் பிசையும்போதெல்லாம் அந்தக் கம்பெனியை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். திட்ட அவளுக்கு உரிமை உண்டு. புருஷன் சின்னையன் இருமி இருமிச் செத்ததும் அந்தத் தூசியில்தான்.

மகள் சிந்துஜாவை மட்டும் அந்தச் சாயக்கழிவு கலந்த ஏரித் தண்ணீர் தொடவில்லை. ஏரிப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று மிரட்டியே வளர்த்தாள். ஆறாம் வகுப்பிலேயே சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். இங்கிலீஷ் மீடியம். பிள்ளை அங்கேயே இருந்து சிவில் இன்ஜினியரிங் வரைக்கும் முடித்து, ஊர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற ஒரு சென்னைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். லைன் வீடு நாற்பதில் முதல் இன்ஜினியர் அவள்தான். விருத்தாம்பாள் கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல்தான் நடந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2009 தை மாதம் அந்தத் திட்டக்காரர்கள் பனையேரிக்கே வந்தார்கள். செத்த கம்பெனியை இடித்து, விஷமண்ணை அள்ளி, ஏரிக்கரையை ஜனங்கள் உலாவும் இடமாக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று ஒரு புத்தகம் எழுத வேண்டுமாம். அதற்குப் பெயர் வழிகாட்டு நெறிமுறைகள். லைன் வீட்டில் ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை; ‘அந்த புக்கு’ என்றே சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. பெரிய அதிகாரியாக வந்த அருள்முருகன் மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாகச் சிந்துஜா. ஜனங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவது அவள் வேலை. கூட்டத்துக்கு முன்னால் அம்மாவை ஓரமாக அழைத்து, “சுருக்கமா பேசும்மா. கம்பெனிக் கதையெல்லாம் எடுக்காத” என்று சொல்லி வைத்திருந்தாள்.

விருத்தாம்பாளுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. பனையேரியின் தெற்குக் கோடியில் கருங்கல் வைத்துக் கட்டிய தாழ்வான கலங்கல் இருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து, ஓடையில் இறங்கி, உப்பனாற்றுக்குப் போய்விடும். அது அடைபட்டால் தண்ணீர் கரையை உடைக்கும். கரைக்குக் கீழே பள்ளத்தில் இருப்பது லைன் வீடுகள். கம்பெனிக்காரன் வீடு கட்டிய இடம் அப்படி.

அவள் எழுந்து நின்றாள். மகள் பார்க்கிறாளே என்று முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

“மத்ததெல்லாம் நீங்க பாத்துச் செய்ங்க சார். கலங்கல் மட்டும் கவனம். மழக்காலத்துல கலங்கல் சரியில்லன்னா லைன் வூட்டுல நாங்க இருக்க முடியாது.”

“நோட் பண்ணிக்கம்மா” என்றார் அருள்முருகன். சிந்துஜா குனிந்து எழுதினாள். மகள் கை தன் வார்த்தையை எழுதுவதை விருத்தாம்பாள் கண் நிறையப் பார்த்தாள். சுருக்கமாகப் பேசிவிட்ட திருப்தியோடு, பக்கத்தில் இருந்த லைன் வீட்டு மங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புக்கு வந்தது. வழவழப்பான தாள். ஏரியைப் பார்த்தபடி பெஞ்சு, பன்னிரண்டடி நடைபாதை, கரையோரம் இரண்டு மாடிக்கு மேல் கட்டக் கூடாது, பழைய புகைபோக்கியை ஞாபகமாக விட்டுவைப்பது என்று எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. புகைபோக்கியை யாருடைய ஞாபகமாக விட்டு வைத்தார்களோ, சின்னையனுக்குத்தான் தெரியும். உள்ளே இருந்ததெல்லாம் இங்கிலீஷ். விருத்தாம்பாள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். புக்கைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

2010 ஆடியில் தெற்குக் கோடியில் வட்டமாக ஒரு மண்டபம் எழும்பியது. ஜனங்கள் நின்று ஏரியைப் பார்ப்பதற்காம். கட்டினது கலங்கலுக்கு மேலேயே. பார்த்ததும் மங்கம்மா விருத்தாம்பாளிடம் ஓடி வந்தாள். அவள் புருஷன் ஆண்டி பக்கவாதத்தில் மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். தண்ணீர் வந்தால் ஓட முடியாதவர்.

“விருத்தா, சிமிட்டி கொட்டி மூடறான்டி. நாலு பேரா போயி கலெக்டராபீசுல மனு குடுத்துட்டு வந்துருவோம்.”

“நீ ஒண்ணு அக்கா. அன்னிக்கி நான் சொன்னத எம் பொண்ணு எழுதுனாளா இல்லியா? புக்குலயே ஏறிப்போச்சி. அடியில வழி உட்டுருப்பாங்க. படிச்சவுங்களுக்குத் தெரியாதா?”

அந்தத் தெருவில் அவள் பேச்சுக்கு மரியாதை இருந்தது. இன்ஜினியரைப் பெற்றவள் அல்லவா. யாரும் மனுக் கொடுக்கவில்லை.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் மத்தியானம், ரேஷன் கடை வாசலில் பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்றிருந்தபோது, மண்டபத்துக்கு இருபதடி வடக்கே கரை உடைந்தது. ஓடி வந்து பார்த்தால் லைன் வீடுகளில் கழுத்தளவு தண்ணீர், அந்தப் பழைய சாய நாற்றத்தோடு. மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். ஆண்டியைத்தான் கட்டிலோடு பிணமாக எடுத்தார்கள்.

சிந்துஜா மறுநாளே ஓடி வந்தாள். தெருவே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. அம்மாவை உயிரோடு பார்த்த பிறகுதான் அழுதாள். விருத்தாம்பாள் அழவில்லை. தண்ணீரில் ஊறி உப்பிப்போன புக்கை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

“நான் சொன்னது இதுல எந்தப் பக்கத்துல இருக்கு? படிச்சுத் தமிழ்ல சொல்லு.”

சிந்துஜா பிரித்து, தேடி, படித்தாள். “மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கலங்கி அசுத்தமாக இருப்பதாக ஒரு பெண்மணி கவலை தெரிவித்தார். தண்ணீரைத் தெளியவைக்கக் கரையோரம் கோரை நடப்படும்.”

 விருத்தாம்பாள் கலங்கல் என்றால் என்ன என்று, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

“வியரா?” என்று, காலேஜில் படித்த அதன் இங்கிலீஷ் பெயரைச் சொன்னாள் சிந்துஜா.  “அந்தப் பாடத்துல நான் எண்பத்தெட்டு மார்க்கும்மா. வியர்னு சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும். மேப்புல அத வெறும் கல்லுமேடுன்னுதான் போட்டிருந்தான். நீ என்ன ஏரிப் பக்கம் ஒருநாளாவது உட்டியாம்மா?”

 விருத்தாம்பாள் பிள்ளையைத் தண்ணீருக்கு மறைத்தாள். தண்ணீரோடு சேர்த்து கலங்கல் என்ற பெயரையும் மறைத்துவிட்டாள்.

“கரை ஒடஞ்சத விசாரிக்க நாளைக்கு ஆபீசர் வரார். நீ என்னம்மா சொல்லப் போற?” என்று மட்டும் கேட்டாள் சிந்துஜா. 

விசாரணைக்கு வந்த அதிகாரி கூட்டப் பதிவேட்டைப் பார்த்து முதலில் விருத்தாம்பாளைத்தான் கூப்பிட்டார். “கலங்கல அடைக்கக் கூடாதுன்னு கூட்டத்துல யாராவது எச்சரிச்சிங்களா? நீங்க பேசியிருக்கீங்களே, சொன்னீங்களா?”

சொன்னேன் என்றால் எழுதினவள் யார் என்பது அடுத்த கேள்வி. மகளின் பதினாறு வருஷப் படிப்பும் அந்த ஒரு பதிலில் இருந்தது. எதிரே தாலி இறக்கின கழுத்தோடு மங்கம்மா உட்கார்ந்திருந்தாள். ஆண்டியின் சாவும் அதே பதிலில்தான் இருந்தது.

“நான் சொல்லலிங்க. தண்ணி கலங்கலா இருக்குன்னுதான் சொன்னேன்.”

அதுவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மங்கம்மா குனிந்துகொண்டாள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, இது இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை எழுதினார்கள். ஏட்டில் யாருக்கும் பாவம் இல்லாமல் போய்விட்டது.

2012-இல் சிந்துஜா வேறு ஓர் ஏரிக்குப் போட்ட புக்கு தபாலில் வந்தது. முதல் பக்கத்திலேயே ஏரிக்கரை ஜனங்கள் புழங்கும் சொற்களுக்கு ஒரு பட்டியல், தமிழ் எழுத்தில் முதல் வார்த்தை: கலங்கல். விருத்தாம்பாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒன்றரை வருஷமாகத் தன்னோடு பேசாத மங்கம்மா வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனாள். இனியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாசலில் நின்றாள்.

“அக்கா, அன்னிக்கிக் கூட்டத்துல நான்...”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மங்கம்மா நிமிரவில்லை.

“நீ சொன்னதப் பக்கத்துல உக்காந்து கேட்டவ நானு. எந் தோளப் புடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்த. விசாரணையிலயும் நீ சொல்லுவன்னுதான் உம் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விருத்தாம்பாள் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.